வெள்ளைக்கல்லும் செம்மண்ணும்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையை விட்டு மண்பாதையில் இறங்கியதும் தரை வெளுக்கத் தொடங்குகிறது. சோளத்தட்டு அறுத்த காடு, ஒரு வரிசைப் பனை, அதற்கப்பால் வெட்டுக்குழி. குழியின் சுவரில் கருத்த பாறைக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை சாய்ந்து ஓடுகிறது. கொங்கு நாட்டுப் பிள்ளைகள் இருட்டில் ஒன்றோடொன்று உரசிப் பொறி பறக்கவிட்டு விளையாடும் வெங்கச்சாங்கல்தான் அது. இங்கே லாரிக்கணக்கில் கிடக்கிறது.

சங்ககிரி–திருச்செங்கோடு கிரானைட் என்று புவியியலார் இந்தப் பாறைத்தொகுதிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பூமிக்கடியில் பாறைக்குழம்பு இறுகிக்கொண்டிருந்தபோது கடைசியாக மிஞ்சிய நீர்த்த குழம்பு வெடிப்புகளுக்குள் புகுந்தது. அதில் படிகங்கள் தாராளமாக வளர்ந்தன. பெக்மடைட் எனப்படும் இந்தப் பட்டைகளில் வெங்கச்சாங்கல்லான குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் கைக்கு அடங்காத கட்டிகளாகக் கிடைக்கின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இப்படிப்பட்ட குழிகள் பல உண்டு.

மேட்டில் பனையோலைப் பந்தலடியில் பெண்கள் உட்கார்ந்து கல் பிரிக்கிறார்கள். சுத்தியால் தட்டினால் பளபளப்பான தட்டை முகம் காட்டிப் பிளப்பது பெல்ஸ்பார். கண்ணாடிபோல் கண்டபடி சில்லாக உடைவது குவார்ட்ஸ். ஒரு தட்டில் எது எதுவென்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கண்கூட அங்கே அதிகம் வேலை செய்வதில்லை, காதுதான். நடுநடுவே மின்னும் காக்காப்பொன் தகடுகளை ஒதுக்கிப் போடுகிறார்கள். மஞ்சளாகக் கறை ஏறிய ஓரங்களைப் பொறுமையாகக் கொத்தி நீக்குகிறார்கள். அவர்கள் வேலையில் பெரும்பகுதி இந்தக் கொத்தல்தான்.

"கறைன்னா இரும்புங்க அம்மிணி. கறையில்லாத கல்லுக்குத்தான் காசு. மஞ்ச ஏறிச்சுன்னா வாங்கறவன் மொகத்தத் திருப்பிக்குவான்," என்றார் மேஸ்திரி.

இந்தச் சமவெளியில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. சேலத்துக் கஞ்சமலையின் காந்தக்கல்லை நம்பி 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலையே நடந்தது. காட்டுமண் சிவந்திருப்பதும், ஏரிக் களிமண்ணில் செய்த பானை சூளையிலிருந்து சிவந்து வருவதும் இரும்பால்தான். அந்த இரும்பு அதிகம் தீண்டாமல் விட்ட இடங்கள் சில. சேலம் மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் குன்றுகள் ஒன்று. அது மேக்னசைட், எஃகு உலைகளுக்கு உட்சுவர் ஆகிற கல். இன்னொன்று, நான் நின்றுகொண்டிருந்த இந்தக் குழி.

என் பையில் ஒரு கிண்ணம் இருந்தது. மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக் குயவர் செய்தது. தோழி ஒருத்தி வாங்கிவந்து கொடுத்தாள். பால் வெள்ளைத் தரையில் அடர்நீலக் கோடுகள். நடுவில் எட்டு இதழ் விரிந்த ஒரு பூ, அதைச் சுற்றிக் கட்டம் கட்டமாகச் சிறு புள்ளிகள், விளிம்பில் ஓடும் ஒரு கொடி. எல்லோரும் அதன் நீலத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதன் வெள்ளைதான் வியப்பு. நீலத்துக்கு ஒரு சிட்டிகைப் பொடி போதும். அதைத் தாங்கிப் பிடிக்கிற வெள்ளைத் தரைக்குத்தான் பல நூற்றாண்டு உழைப்புத் தேவைப்பட்டது. அந்த வெள்ளைக்குள் இருக்கும் கல் எங்கள் ஊர்ப் பக்கம் குழியில் கிடக்கிறது என்று தெரிந்தபிறகு, கல்லையும் கிண்ணத்தையும் எங்கள் ஊர்க் குயவர் ஒருவர் முன் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

சீனருக்குக் கயோலின் என்னும் இரும்பில்லாத வெண்களிமண் வாய்த்தது. அதனால் அவர்களுடைய பீங்கான் உள்ளும் புறமும் வெள்ளை. கடல் வழியாக அந்தப் பாண்டங்கள் 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ராவுக்கு வந்தபோது, அங்கிருந்த குயவர்களிடம் இருந்ததெல்லாம் மஞ்சள் பாய்ந்த ஆற்றுமண். மண்ணை மாற்ற முடியவில்லை, மூடினார்கள். மணலை உருக்கிய கண்ணாடிப் பூச்சில் வெள்ளீயச் சாம்பலைக் கலந்தால் கண்ணாடி ஒளி ஊடுருவாத பாலாக மாறுகிறது என்று கண்டார்கள். அந்தப் பாலின்மேல் கோபால்ட் நீலத்தால் வரைந்தார்கள். வெள்ளைத் தரையில் நீலம் என்கிற யோசனை முதலில் பெருகியது அந்தப் பட்டறைகளில்தான். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கிய 9ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று 1998இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் இருந்த மூன்று சீன நீலவெள்ளைத் தட்டுகள், மேற்காசியச் சந்தையின் ருசி சீனச் சூளைவரை எட்டியிருந்ததைக் காட்டுகின்றன. பிறகு 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்தேஜென் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நம் ராமநாதபுரம் பெரியபட்டினத்து மண்ணுக்கடியிலும் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன.

வெள்ளீயப் பூச்சு மேற்கே நடந்தது. துனிசியாவின் கைரவான், ஸ்பெயினின் கோர்தோபா என்று போய், அங்கிருந்து கிளம்பிய குடிகளோடு ஃபெஸ் நகரத்திலும் வேர்விட்டது. இன்று ஃபெஸ் குயவர்கள் பழைய மதிலுக்கு வெளியே ஐன் நொக்பி பகுதியில் இருக்கிறார்கள். சாம்பல்நிறக் களிமண்ணைக் காலால் மிதிக்கிறார்கள்; ஆலிவ் எண்ணெய் பிழிந்தெடுத்த சக்கையும் கொட்டையும்தான் பழைய சூளைகளுக்கு எரிபொருள்; கழுதை மயிரால் கட்டிய தூரிகையால் கோடு இழுக்கிறார்கள். துனிசியாவின் நாபுலிலும் இதே குடும்பத்துப் பாண்டங்கள் உண்டு. கோபால்ட்டுக்கும் மொராக்கோ வெளியே போகத் தேவையில்லை: தெற்கே பூ அஸ்ஸெர் சுரங்கத்தில் கோபால்ட்டையே முதன்மையாகக் கொண்டு தோண்டுகிறார்கள். உலகில் வேறெங்கும் பெரும்பாலும் செம்பு, நிக்கல் எடுக்கும்போது கூடவே வருகிற பொருள் அது.

குழியிலிருந்து கல் போகிற இடம் அரவை மில். தகரக் கூரை, உள்ளே இரண்டு பெரிய உருளைகள் உறுமிக்கொண்டு சுழல்கின்றன. பால் மில் என்பார்கள். உருளையின் உட்சுவரில் இரும்பு இல்லை, கல் பதித்திருக்கிறது. அரைக்கிற உருண்டைகளும் கூழாங்கற்கள். இரும்பு உரசினால் மாவில் கறை இறங்கிவிடும். இங்கேயும் அதே எதிரிதான். முப்பது அடி தள்ளி நின்றாலும் புருவத்தில் வெள்ளை படிகிறது. சாக்குகளில் மாவு நிறைந்து நிறைந்து லாரி ஏறுகிறது. டைல்ஸ் கம்பெனிக்கு, கண்ணாடித் தொழிலுக்கு, மின்கம்ப இன்சுலேட்டருக்கு, கழிவறைப் பீங்கானுக்கு என்று மில்காரர் அடுக்கினார். பாத்திரம் என்று ஒன்றை அவர் சொல்லவில்லை.

அந்த மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சிலிகோசிஸ் குணமாகிற நோய் அல்ல. சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்படவேண்டிய தொழில்நோய் அது. மில்லில் நான் பார்த்த தொழிலாளர்கள் மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார்கள். துண்டு இந்தத் தூசைத் தடுக்காது. ஈர அரவையும், தூசு உறிஞ்சும் குழாயும், சரியான முகக்கவசமும் இல்லாமல் இந்த வெள்ளையை யாரும் அழகு என்று பேசக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

அங்கிருந்து நாமக்கல் பக்கம் திரும்பினால் ஏரிக்கரை ஊர் ஒன்றில் மண்பாண்டம் செய்யும் சில வீடுகள் இருக்கின்றன. மாசி மாதம். வரப்போகிற மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு என்னும் தீச்சட்டி செய்யும் காலம். வாசல் முழுக்க அகன்ற வாய்ச் சட்டிகள் நிழலில் உலர்கின்றன. கொல்லையில் நேர்த்திக்கடனுக்கான உருவாரங்கள், ஒரு குதிரை, இரண்டு மாடு, கைக்குழந்தை ஒன்று, பாதி காய்ந்த நிலையில் நிற்கின்றன. பெரியவர் தட்டுப்பலகையால் ஒரு சட்டியின் அடியைத் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கை கூழாங்கல்லைப் பிடித்திருக்க, வெளியே பலகை. சக்கரத்தில் எழும்பும்போது அடியில்லாமல் வருகிற பானைக்கு இந்தத் தட்டல்தான் அடி கொடுக்கிறது. சுவர் மெலிந்து சீராகிறது. பொங்கல் பானை அடுப்புச் சூட்டில் விரியாமல் நிற்பதற்கு இந்தக் கைவேலை ஒரு காரணம்.

"உக்காருங் அம்மிணி. மண்ணு கையா இருக்குது, தொடமாட்டேன்," என்றவர், கிண்ணத்தை நீட்டியதும் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

முதலில் விரல் முட்டியால் சுண்டினார். காதருகே வைத்து இன்னொரு முறை. பிறகு கவிழ்த்தார். பூவையும் கொடியையும் அவர் பார்க்கவே இல்லை. பூச்சுப் படாத அடிவட்டத்தைத்தான் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வெளிர்மஞ்சளாக ஒரு துகள் வந்தது.

"மேல சட்ட போட்டுருக்குதுங்க. உள்ள நம்மளாட்ட மண்ணுதான். ஆனா செவக்கல. சுண்ணாம்பு கலந்த மண்ணா இருக்கோணும்."

அவர் சொன்னது சரி. ஃபெஸ் களிமண் இயல்பிலேயே சுண்ணாம்புச் சத்துள்ளது. சூட்டில் அந்தச் சுண்ணாம்பு இரும்போடு சேர்ந்து சிவப்பை அடக்கி வெளுக்கச் செய்கிறது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்கிறது. சூளை ஆறும்போது மண்ணும் மேல்பூச்சும் சுருங்குகின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சுருங்கினால்தான் பூச்சு மயிரிழை மயிரிழையாக விரிசல் விடாமல் ஒட்டியிருக்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணுக்கும் வெள்ளீயப் பூச்சுக்கும் அந்தப் பொருத்தம் அமைந்துவிடுகிறது. வெள்ளீயப் பூச்சுக் கலை வேர்பிடித்த இடங்களில் பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணே இருந்தது தற்செயல் அல்ல.

பெரியவருக்கோ சுண்ணாம்பு என்றால் பயம். "சுக்கான்கல்லு ஒரு பொடி மண்ணுல இருந்தாப் போதும், சுட்டு எடுத்து நாலு நாள்ல பானை பொரிஞ்சிரும்," என்றார். சுட்ட சுண்ணாம்புக்கல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்புகிறது. பானைச் சுவர் தெறிக்கிறது. அதற்காகவே மண்ணைக் கரைத்து, கல் அடியில் தங்க விட்டு, மேல்கரைசலை வடிகட்டி எடுக்கிறார். ஆனால் மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் கட்டியைப்போல் வெடிக்காது, மண்ணோடு சீராகக் கலந்துவிடும் என்று சொன்னபோது, தட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

திண்ணையில் அவர் மனைவி கல்யாண வீட்டுக்கான அரசாணிப் பானைகளுக்கு வண்ணம் இட்டுக்கொண்டிருந்தார். காவி பூசிய பானையில் சுண்ணாம்பால் நெளிகோடு, அதன்மேல் புள்ளி வரிசை. தேங்காய் நாரை நசுக்கிச் செய்த தூரிகை. ஒரு கோட்டைத் தொடங்கினால் பானையைச் சுற்றித் திருப்பி, தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுவந்து சேர்க்கிறார், கை நடுங்காமல். பக்கத்தில் ஒரு கிண்ணியில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கரைத்த சுண்ணாம்பு. வெள்ளைக்குப் பக்கத்தில் நீலக்கோடு, இதோ இங்கேயும் இருக்கிறது. சுட்டபிறகு பூசுவதால் தண்ணீர் பட்டால் கரையும். முன்பே பூசிச் சூளையில் வைத்தால் அந்த நீலம் கருகிப்போகும். கண்ணாடி உருகுகிற சூட்டிலும் கலையாமல் நிற்பது கோபால்ட் நீலம். அதனால்தான் உலகம் அதைத் தேடி அலைந்தது.

செம்பானையில் வெள்ளைக்கோடு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நொய்யல் கரைக் கொடுமணலிலும் கரூர் வட்டாரத்திலும் அகழாய்வில் கிடைத்த காவிப்பூச்சுப் பாண்டங்களில் நெளிவரிகளும் குறுக்குக் கோடுகளும் வெள்ளையில் வரையப்பட்டிருக்கின்றன. சூளைக்குள் போகுமுன்பே தீட்டிய கோடுகள் அவை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் போகவில்லை. 1947இல் பிரம்மகிரியிலும் சந்திரவல்லியிலும் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் இந்த வகையை ஆந்திரப் பாண்டம் என்று அழைத்தார். பின்னாளில் கொங்கில் அது கிடைத்த அளவைப் பார்த்தால் அந்தப் பெயர் போதாது. அதே கொடுமணலில் குவார்ட்ஸை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றி மணி செய்திருக்கிறார்கள். வெங்கச்சாங்கல்லையும் செம்பானையையும் ஒரே ஊர்க் கைகள் கையாண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே சூளையில் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் சேரவில்லை? பெரியவரின் சூளையைச் சுற்றி வந்தபோது ஒரு காரணம் கண்ணில் பட்டது. தாழ்ந்த வட்டச் சுவர்; அடியில் தேங்காய் மட்டை, சீமைக்கருவேல முள், குச்சிக்கிழங்குத் தட்டை. மேலே பானைகளை அடுக்கி வைக்கோல் பரப்பி மண்சேறு மெழுகுகிறார்கள். இப்படிப்பட்ட சூளையில் 700, 800 டிகிரிதான் நிதானமாக ஏறும். சமையல் பானைக்கு அது போதும். இன்னும் கூடினால் மண் இறுகி, அடுப்பில் வைத்ததும் விரிசல் விடும். வெள்ளீயப் பூச்சு சரியாக உருக ஏறக்குறைய 950 டிகிரிக்கு மேல் வேண்டும். நாமக்கல் பெல்ஸ்பார் தனியே உருகுவதற்கு 1,150க்கும் மேல். ஆகவே குழியிலிருந்து எடுத்த கல்லை அப்படியே அரைத்துப் பானைமேல் பூசிச் சுட்டால் ஒன்றும் நடக்காது. மாவு மாவாகவே உதிரும். உருகலைக் குறைந்த சூட்டுக்கு இறக்க ஒரு துணைப்பொருள் தேவை. பழைய உலகம் அதற்குக் காரீயத்தைப் போட்டது. புளியும் எலுமிச்சையும் மோரும் புழங்குகிற நம் சமையலில் காரீயப் பூச்சுப் பாத்திரம் கூடவே கூடாது. புளிப்பு அதைக் கரைத்துச் சோற்றுக்குள் கொண்டுவரும். போராக்ஸிலிருந்து செய்யும் போரான் கண்ணாடிப்பொடி அதற்கு மாற்று. கடைகளில் கிடைக்கிறது.

ஜெய்ப்பூர்க்காரர்கள் வேறு வழி கண்டார்கள். அவர்களுடைய நீலப்பாண்டத்தில் வழக்கமான களிமண்ணே கிடையாது. குவார்ட்ஸ் மாவு, கண்ணாடிப்பொடி, கொஞ்சம் முல்தானி மிட்டி, கதீரா கோந்து, போராக்ஸ் சேர்த்துப் பிசைந்த மாவு. அச்சில் அழுத்தி உருக்கொடுத்து, ஏறக்குறைய 800 டிகிரியில் ஒரே முறை சுடுகிறார்கள். நசிந்துபோயிருந்த அந்தக் கலைக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் ஆதரவும் ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத்தின் கையும் உயிர் கொடுத்தன. ஷெகாவத்துக்கு 1974இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் பிசைந்த மாவின் முதல் பொருள் நாம் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றும் அதே வெங்கச்சாங்கல் மாவு.

எனக்கு ஆதங்கம் இதில்தான். மற்றப் பொருட்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் சங்ககிரியில் இருக்கிறது. 1960களிலிருந்து அங்கே சிமெண்ட் ஆலையே ஓடுகிறது. வெள்ளீயம் விலை கூடினால், பூச்சை வெளுக்க இன்று செராமிக் தொழிலில் சிர்கான் போடுகிறார்கள். அது குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கப்படுகிறது. வெண்களிமண் நெய்வேலிப் பக்கம் இருக்கிறது. சேலத்தில் ரயில் ஏறினால் விருத்தாசலம். அங்கே செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் படிப்புக்கென்றே அரசு கல்வி நிறுவனமும் இருக்கின்றன. வெளியிலிருந்து வாங்கவேண்டியது கோபால்ட், போராக்ஸ் இரண்டும்தான். பூச்சில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாத கோபால்ட் அடர்நீலம் தந்துவிடும். கோடு இழுக்கும் கை திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் சேலம் கடைவீதியில் நீலப்பூ போட்ட கிண்ணம் வேண்டுமென்றால் வடக்கே குர்ஜாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்ததைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஃபெஸ் கிண்ணத்தை அப்படியே நகல் எடுக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எட்டிதழ்ப் பூ அவர்களுடையது. அரசாணிப் பானையின் நெளிகோட்டையும் புள்ளி வரிசையையும் தண்ணீரில் கரையாத நீலத்தில், கழுவிக் கழுவிப் புழங்குகிற தட்டில் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. இதைச் சொன்னபோது அந்த அம்மா தூரிகையைக் கீழே வைத்தார்.

"அழியாதுங்களா? பத்துப் பாத்திரத்தோட போட்டுத் தேச்சாலும்?"

அழியாது என்றேன். கிண்ணத்தை வாங்கிச் சேலைத் தலைப்பை ஈரமாக்கி அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பிறகு நீலக்கோட்டை விரலால் ஒரு சுற்று ஓட்டினார். "இந்தாளு எடையில கைய எடுத்துட்டு மறுபடி வெச்சுருக்குறாரு," என்று ஒரு இடத்தைக் காட்டினார். நான் அந்தக் கிண்ணத்தில் சோறே தின்றிருக்கிறேன். அந்த ஒட்டு என் கண்ணில் பட்டதில்லை.

பெரியவர் கறாராகப் பேசினார். வாங்குகிற ஆளைச் சொல்லாமல் புதுச்சூளை கட்டமாட்டார். கேஸ் சூளை என்றால் அவர் பணத்தில் முடியாது. ஊரில் மிச்சமிருக்கும் வீடுகள் சேர்ந்து சங்கமாகக் கேட்டால் கிடைக்கலாம், அதற்கு விருத்தாசலத்தில் படித்த பிள்ளை யாராவது வந்து கூட இருக்கவேண்டும். பையன் லாரிப் பட்டறையில் வேலைக்குப் போகிறான். கூலி கட்டினால்தான் திரும்புவான். வீட்டுக்கு மூன்று வேளை சோறு போட்டுக்கொண்டிருக்கும் பூவோடையும் பொங்கல் பானையையும் விட்டுவிட்டு இதில் இறங்கமாட்டார். எல்லாமே நியாயம்.

"நோம்பி முடியட்டுங் அம்மிணி. சித்திரையில சூளை சும்மாதான் கெடக்கும். அந்தச் சுண்ணாம்புக்கல் மாவு சலிச்சது ரெண்டு மூட்ட கொண்டாங்க. நம்ம மண்ணுல கூட்டியும் கொறச்சும் கலந்து வில்ல தட்டி வெக்கறேன். எது பொரியுது, எது நிக்குதுன்னு மொதல்ல பாத்துக்கலாம். பூச்சு பின்னால. ஆனா காரீயம் மட்டும் இந்த வாசலுக்கு வரக்கூடாதுங்க, பேரம்பேத்தி பொழங்கற எடம்."

அந்த அம்மா எழுந்து உள்ளே போய், உடைந்த பானை ஓடு ஒன்றைக் கொண்டுவந்து அதில் நெளிகோட்டை இரண்டு அகலத்தில் வரைந்து கொடுத்தார். விருத்தாசலத்துக்குப் போகும்போது காட்ட வேண்டுமாம். நீலம் எவ்வளவு கெட்டியாக இருந்தால் தூரிகையில் நிற்கும், கோடு ஓடாமல் இருக்கப் பூச்சு எந்தப் பதத்தில் காய்ந்திருக்கவேண்டும், இந்த இரண்டையும் மறக்காமல் கேட்டு வரச் சொன்னார்.